பழைய கணினியில் ஒலி வரவில்லையா? முதலில் அந்த நான்கு இலக்கங்களைத் தேடுங்கள்

எங்கள் தெருவில் பார்வையற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பள்ளியில் வரலாறு நடத்துபவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கணினிக்குள் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஆனால் அது பேச மாட்டேன் என்கிறது. கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா?" என்றார்.

அவருடையது 2004-ல் வாங்கிய பென்டியம் 4 மேசைக் கணினி. அதில் என்விடிஏ என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருந்தார். திரையில் என்ன இருக்கிறதோ அதைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள் அது, தமிழையும் படிக்கும். வினாத்தாள் தயாரிப்பது, மின்னஞ்சல் படிப்பது எல்லாம் அந்தக் குரலின் துணையோடுதான். முந்தைய நாள் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் எக்ஸ்பியை எடுத்துவிட்டு விண்டோஸ் 7 போட்டு வாங்கியிருந்தார். கடையில் திரையைப் பார்த்து எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்பீக்கரை மாட்டி ஒரு முறையாவது கேட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நமக்கு ஒலி போனால் பாட்டு கேட்க முடியாது, அவ்வளவுதான். அவருக்கோ கணினியே இல்லாமல் போய்விட்டது. அன்று பிற்பகல் முழுவதும் அந்தக் கணினியோடு உட்கார்ந்ததில், சவுண்ட் டிரைவர் பற்றி ஒரு புதியவருக்குச் சொல்ல வேண்டிய ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு கணினியிலேயே கிடைத்தன.

டிரைவர் என்பது யார்?

கணினித் தமிழில் இதை 'இயக்கி' என்று எழுதுகிறோம். பேச்சில் டிரைவர் என்றே எல்லோரும் சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கோயில் யானையை நினைத்துக்கொள்ளுங்கள். யானைக்கு வலிமை இருக்கிறது, உடல்நலம் இருக்கிறது. ஆனால் கோயில் அதிகாரி நேரே போய் "நட" என்றால் அது நடக்காது. கேரளத்திலிருந்து வந்த யானையாக இருந்தால் மலையாளச் சொற்கள்தான் அதற்குப் பழக்கம். நடுவில் பாகன் நிற்கிறார். அதிகாரி சொல்வதும் அவருக்குப் புரியும், யானைக்கு எந்தச் சொல், எந்த இடத்தில் ஒரு தட்டு என்பதும் தெரியும். பாகன் இல்லாத நாளில் யானை நோயுற்றது போலத்தான் அசையாமல் நிற்கும்.

விண்டோஸ்தான் அந்த அதிகாரி. கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகையான மதர்போர்டில் உள்ள ஒலிச் சிப் யானை. டிரைவர் பாகன். ஆசிரியை வீட்டில் நடந்ததும் இதுதான். அதிகாரி மாறினார், புது அதிகாரியின் மொழி தெரிந்த பாகனை யாரும் அமர்த்தவில்லை. யானைக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிரைவர் செய்கிற வேலை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கு காட்டும். கணினிக்குள் பாட்டு என்பது வெறும் எண்களின் வரிசை. இசைக் குறுவட்டின் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியே என்பதால் 88,200. நான்கு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு 2 கோடியே 11 லட்சத்துக்கும் மேல். இந்த எண்கள் ஒன்றுகூடத் தவறாமல், சரியான வேகத்தில் சிப்பைச் சேர வேண்டும். சிப் ஒவ்வோர் எண்ணையும் ஒரு மின்னழுத்தமாக மாற்றுகிறது, அந்த ஏற்ற இறக்கத்தில் ஸ்பீக்கரின் சவ்வு அதிர்கிறது. எந்த வேகத்தில் அனுப்புவது, எந்தத் துளை வழியாக வெளியே விடுவது, வால்யூம் எவ்வளவு என்று சிப்புக்குக் கட்டளையிடுவது டிரைவர். ஒவ்வொரு சிப்பிலும் இந்தக் கட்டளைகளை எழுத வேண்டிய இடம் வேறு. அதனால்தான் ஒரு சிப்பின் டிரைவர் இன்னொன்றுக்கு உதவுவதில்லை.

டிரைவர்தான் காரணமா என்று முதலில் பாருங்கள்

ஒலி வரவில்லை என்றதும் டிரைவரைத் தேடி இணையத்தில் இறங்குவதுதான் பலரும் செய்கிற தவறு. அதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்தால் பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்பீக்கருக்கு மின்சாரம் வருகிறதா, அதன் வால்யூம் திருகி மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் வயரைக் கணினியிலிருந்து உருவி ஒரு கைப்பேசியில் செருகிப் பாருங்கள். அங்கே பாடினால் ஸ்பீக்கர் நலம். அடுத்து, கணினியின் பின்புறத் துளைகள். பச்சை ஒலி வெளியே வருவதற்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளிக்கருவியின் ஒலியை உள்ளே எடுப்பதற்கு. தரையைத் துடைக்கும்போது வயர் கழன்று, மாட்டியவர் நீலத்தில் மாட்டிவிட்டு, குடும்பமே ஒரு வாரம் பாட்டில்லாமல் இருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படம். விண்டோஸ் 7-ல் அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் சுட்டியை அதன்மீது வைத்து, வருகிற வாசகத்தைப் படியுங்கள். 'நோ ஆடியோ அவுட்புட் டிவைஸ் இஸ் இன்ஸ்டால்டு' என்று வந்தால் விண்டோஸ் கண்ணுக்கு ஒலிக்கருவி என்று ஒன்றுமே தெரியவில்லை என்று பொருள். டிரைவர் மீது சந்தேகப்பட அது நல்ல காரணம். 'தி ஆடியோ சர்வீஸ் இஸ் நாட் ரன்னிங்' என்று வந்தால் கதை வேறு. டிரைவர் இருக்கலாம், விண்டோஸின் ஒலிச் சேவை நின்றுபோயிருக்கிறது. 'சர்வீசஸ்' பட்டியலில் 'விண்டோஸ் ஆடியோ' என்பதைத் தேடி மீண்டும் தொடங்கச் செய்தால் போதும். இந்த இரண்டு வாசகங்களையும் வேறுபடுத்தாமல் டிரைவரை அழித்து அழித்துப் போடுகிறவர்கள் உண்டு.

சிவப்புக் குறியே இல்லை, ஆனாலும் ஒலி இல்லை என்றால், 'சவுண்ட்' பெட்டியில் 'பிளேபேக்' பகுதியைத் திறந்து எந்தக் கருவிக்கு டிக் குறி இருக்கிறது என்று பாருங்கள். பழைய கணினியில் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் இது மிக முக்கியம். எச்டிஎம்ஐ வழியாக ஒலி அனுப்பக்கூடிய கார்டு தன்னையே முதல் கருவியாக அமர்த்திக்கொள்ளும். ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்கு விண்டோஸ் நேர்மையாக ஒலியை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, பழைய கணினிகளுக்கே உரியது. மதர்போர்டில் காசு போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். பல ஆண்டுகளில் அது தீர்ந்துவிட்டால், மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் கணினியின் தேதி பின்னோக்கிப் போய்விடும், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை நிரல்) அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். சில கணினிகளில் மதர்போர்டின் ஒலிச் சிப் பயாஸிலேயே முடக்கப்பட்டிருக்கும். அப்போது விண்டோஸில் எங்கே தேடினாலும் அந்தச் சிப் தென்படாது. தேதி தவறாகக் காட்டுகிற கணினியில் ஒலியும் இல்லையென்றால், நான் முதலில் பயாஸுக்குள் நுழைந்து 'ஆன்போர்டு ஆடியோ' என்ற வரியைத்தான் பார்ப்பேன்.

மஞ்சள் குறிக்குப் பின்னால் உள்ள முகவரி

ஆசிரியை வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு சின்ன யுஎஸ்பி ஒலிக் கருவியை எடுத்துப் போயிருந்தேன். கட்டைவிரல் அளவுதான், ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் துளைகள். இந்தக் கருவிகளுக்கு விண்டோஸிலேயே பொதுவான டிரைவர் உண்டு. செருகிய அரை நிமிடத்தில் என்விடிஏ பேசத் தொடங்கியது. அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. "இனி நானே பார்க்கிறேன், நீங்கள் எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

'கம்ப்யூட்டர்' படத்தில் வலது சொடுக்கு, 'மேனேஜ்', அதற்குள் 'டிவைஸ் மேனேஜர்'. கணினிக்குள் இருக்கும் எல்லா உறுப்புகளின் வருகைப் பதிவேடு அது. அம்புக்குறி விசையால் அவர் ஒவ்வொன்றாக இறங்கினார். 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழே குரல் சொன்னது: 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்'. கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் குறி தெரியும். என்டர் அழுத்தினால், டிரைவர் நிறுவப்படவில்லை, கோடு 28.

இந்தக் கோடு எண்களில் மூன்றை நினைவில் வைத்தால் போதும். 28 என்றால் பாகனே இல்லை. 10 என்றால் பாகன் இருக்கிறார், யானை எழுந்திருக்கவில்லை. பெரும்பாலும் பொருந்தாத டிரைவராக இருக்கும், சில வேளைகளில் சிப்பே பழுதாகியிருக்கும். 22 என்றால் யாரோ அந்தக் கருவியை முடக்கி வைத்திருக்கிறார்கள், 'எனேபிள்' என்று ஒரு சொடுக்கில் முடிந்துவிடும்.

'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' என்பது பெயரே இல்லை. தனக்குத் தெரியாத எந்த ஒலிக்கருவிக்கும் விண்டோஸ் வைக்கிற பொதுப்பெயர் அது. அந்தப் பெயரை இணையத்தில் தட்டித் தேடினால் ஆயிரம் டிரைவர்கள் வந்து விழும், அவற்றில் எது நமக்கானது என்று எப்படித் தெரியும்? நமக்கு வேண்டியது சிப்பின் உண்மையான முகவரி. அது அதே பெட்டியில்தான் இருக்கிறது. 'டீடெய்ல்ஸ்' என்ற பகுதிக்குப் போய், கீழிறங்கும் பட்டியலில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீளமாக, புரியாத மாதிரி ஒரு வரி வரும். அஞ்ச வேண்டாம். அதில் இரண்டே இடங்கள்தான் முக்கியம். 'வென்' (VEN) என்ற மூன்றெழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கங்கள் (ஆங்கில எழுத்தும் கலந்து வரலாம்) தயாரிப்பாளரைக் குறிக்கும். 'டெவ்' (DEV) என்பதற்குப் பின் வரும் நான்கும் அந்தத் தயாரிப்பாளரின் எந்தச் சிப் என்பதைக் குறிக்கும். ஆசிரியை வலது அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, ஓர் எழுத்தாகக் கேட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். வென் 8086. டெவ் 24டி5.

8086 என்பது இன்டெல். தன் புகழ்பெற்ற பழைய பிராசசரின் எண்ணையே அந்த நிறுவனம் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது. 10இசி என்றால் ரியல்டெக், 1106 என்றால் வியா, 1102 என்றால் கிரியேட்டிவ். 24டி5 என்பது இன்டெலின் 865 வகை மதர்போர்டுகளில் இருக்கும் ஒலிக் கட்டுப்பாட்டுப் பகுதி. கணினி வாங்கிய ஆண்டோடும் இது பொருந்தி வந்தது.

உங்கள் கணினியில் இந்த எண்களைக் கண்டதும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிரைவர் தேடும் வேலையில் நம்பக்கூடிய ஒரே சான்று இதுதான் என்பேன். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர், கடைக்காரர் சொன்ன மாடல், ரசீதில் உள்ளது எல்லாம் மாறியிருக்கலாம். சிப் தன் எண்ணை மாற்றிச் சொல்லாது.

நண்டைத் தேடிப் போன கதை

எண் கிடைத்துவிட்டதே, இனி டிரைவரை இறக்கினால் முடிந்தது என்று தோன்றும். பழைய கணினிகளில் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அதை அவிழ்க்கக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

தொடக்க காலத்தில் ஒலிக்கு என்று தனி கார்டு வாங்கிப் போட வேண்டியிருந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர்தான் அவற்றில் பெயர் பெற்றது. பிறகு ஒலியை மதர்போர்டிலேயே மலிவாகச் சேர்க்க இன்டெல் ஒரு தரத்தை வகுத்தது. 1997-ஐக் குறிக்கும் வகையில் அதற்கு ஏசி'97 என்று பெயர். அதன் அடிப்படை எண்ணம் வேலையை இரண்டாகப் பிரிப்பது. எண்களைக் கையாளும் பகுதி மதர்போர்டின் பெரிய சிப்புக்குள் இருக்கும். எண்களை மின்னழுத்தமாக மாற்றும் பகுதி 'கோடெக்' என்ற தனிச் சின்னச் சிப்பாக, ஸ்பீக்கர் துளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கணினியின் உட்புறத்து மின் இரைச்சல் ஒலியில் கலக்காமல் இருக்க இந்தத் தள்ளிவைப்பு. இரண்டையும் இணைப்பவை ஐந்தே கம்பித் தடங்கள்.

பெரிய சிப் இன்டெலுடையதாக இருக்கும். கோடெக்கை ரியல்டெக், அனலாக் டிவைசஸ், சி-மீடியா என்று வெவ்வேறு நிறுவனங்கள் செய்தன. மதர்போர்டு தயாரித்தவர் எதை வாங்கிப் பொருத்தினாரோ அது. டிவைஸ் மேனேஜர் காட்டிய 8086, 24டி5 என்பது பெரிய சிப்பின் முகவரி மட்டுமே. கோடெக் யாருடையது என்று அது சொல்லாது. வேறொரு கோடெக்குக்கான டிரைவரைப் போட்டாலும் முகவரி பொருந்துவதால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், மஞ்சள் குறி மறைந்துவிடும், ஒலி மட்டும் வராமலோ அரைகுறையாகவோ இருக்கும். இணையத்தில் பலர் சரியான எண்ணுக்கான டிரைவரையே போட்டும் பயனில்லை என்று புலம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே கணினியை அணைத்து, மின்வயரை உருவிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினேன். பச்சைத் துளைக்கு இரண்டு அங்குலம் தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சதுரச் சிப். பக்கத்துக்குப் பன்னிரண்டாக 48 கால்கள். தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு டார்ச் அடித்தால், அதன் முதுகில் ஒரு குட்டி நண்டின் படம், அதனருகே ஏஎல்சி655 என்ற எழுத்துகள். நண்டு ரியல்டெக்கின் சின்னம். ஆசிரியைக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "என் கணினிக்குள் இத்தனை ஆண்டுகளாக நண்டா இருந்தது?" என்று சிரித்தார்.

உங்கள் கணினி 2005-க்குப் பிந்தையது என்றால் பெரும்பாலும் இந்த வேலை இருக்காது. 2004-ல் இன்டெல் எச்டி ஆடியோ என்ற அடுத்த தரத்தைக் கொண்டுவந்தது. அதில் கோடெக் தன் முகவரியைத் தானே சொல்லிவிடும். ஹார்டுவேர் ஐடி வரியில் வென் 10இசி, டெவ் 0662 என்று வந்தால், தகட்டைக் கழற்றாமலேயே அது ரியல்டெக்கின் ஏஎல்சி662 என்று சொல்லிவிடலாம். விண்டோஸ் 7-க்கு முந்தைய பதிப்பான விஸ்டாவிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே எச்டி ஆடியோவுக்கான பொதுவான டிரைவர் இருப்பதால், தனி டிரைவர் இல்லாமலும் ஓரளவு ஒலி வரும். ஏசி'97-க்கு அப்படி எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒன்று விண்டோஸ் 7-உடன் வரவில்லை. ஆசிரியையின் கணினி எக்ஸ்பியில் பேசி 7-ல் வாயடைத்துப் போனது அதனால்தான்.

எக்ஸ்பியிலேயே தொடர்கிறவர்களுக்கு நேர் எதிரான சிக்கல் வரும். எக்ஸ்பி 2001-ல் வந்தது, எச்டி ஆடியோ பிறந்ததே அதற்குப் பிறகுதான். அதனால் எச்டி ஆடியோ உள்ள மதர்போர்டில் எக்ஸ்பியைப் போட்டால், ரியல்டெக் டிரைவருக்கு முன் மைக்ரோசாஃப்டின் 'யுஏஏ பஸ் டிரைவர்' என்ற அடித்தளம் இருக்க வேண்டும். கோடெக் எந்தப் பாதையில் இருக்கிறது என்பதையே அதுதான் எக்ஸ்பிக்குக் காட்டுகிறது. அது இல்லாதபோது ஒலி டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் கருவியைக் காணவில்லை என்றே பதில் வரும்.

டிரைவரை அமர்த்துவது

மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான பக்கம் இன்னும் இருந்தால் அதுவே முதல் இடம். இல்லையென்றால் சிப் தயாரித்த நிறுவனம். ரியல்டெக் தன் ஏசி'97 கோடெக்குகளுக்காக விஸ்டாவுக்கும் விண்டோஸ் 7-க்கும் டிரைவர் வெளியிட்டிருந்தது, நாங்கள் அதைத்தான் எடுத்தோம். 'உங்கள் கணினியின் எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்று அழைக்கும் மென்பொருள்கள் பக்கம் தயவுசெய்து போக வேண்டாம். பழைய கணினியில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நெட்வொர்க் டிரைவரையும் சேர்த்துக் கெடுத்துவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. விளம்பர மென்பொருள்கள் கூடவே தொற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

இறக்கும் முன் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று 'சிஸ்டம்' பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் டிரைவர் மற்றொன்றில் இயங்காது.

நான் எப்போதும் செய்கிற ஒரு சோதனையைச் சொல்கிறேன், மிகவும் பயன்படும். டிரைவர் கோப்புறையை விரித்தால் ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு ஒன்றாவது இருக்கும். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறக்கலாம். அந்த டிரைவர் எந்தெந்தச் சிப்புகளுக்குப் பொருந்தும் என்ற பட்டியலே அதற்குள் இருக்கிறது. நீங்கள் தாளில் எழுதிய நான்கு இலக்கங்களை அதில் தேடுங்கள். இருந்தால் நிறுவலாம். இல்லையென்றால் நிறுவி, மறுதொடக்கம் செய்து, ஏமாந்து, மீண்டும் நீக்குகிற அரை மணி நேரம் மிச்சம்.

விண்டோஸைப் புதிதாகப் போட்ட கணினியில் முதலில் மதர்போர்டின் பெரிய சிப்புகளுக்கான சிப்செட் டிரைவர், அதன் பிறகு ஒலி டிரைவர் என்ற வரிசை நல்லது. ஏற்கெனவே தவறான டிரைவர் இருந்தால் அதன்மேலேயே புதியதைப் போடாமல், டிவைஸ் மேனேஜரில் 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். அப்போது 'டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா' என்ற பொருளில் வரும் கட்டத்தில் டிக் செய்தால்தான் பழையது உண்மையில் போகும், இல்லையென்றால் மறுதொடக்கத்தில் விண்டோஸ் அதையே திரும்ப அழைத்து வரும். எதற்கும் முன் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் (ஏதும் தவறினால் விண்டோஸை இன்றைய நிலைக்கே திருப்ப உதவும் பதிவு) உருவாக்கி வையுங்கள். நேற்று வரை வந்த ஒலி ஒரு புதுப்பிப்புக்குப் பின் நின்றிருந்தால், புதிதாக எதையும் தேடாமல் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய பாகனையே திரும்ப அமர்த்துவதுதான் எளிய வழி.

அளவுகோல் ஆடுகிறது, ஒலி இல்லை

நிறுவினோம், மறுதொடக்கம் செய்தோம். மஞ்சள் குறி போய்விட்டது. 'பிளேபேக்' பகுதியில் ஒலிக்கேற்ப ஏறி இறங்கும் பச்சை அளவுகோலும் ஆடியது. பின்புறப் பச்சைத் துளையில் மாட்டிய ஸ்பீக்கரில் மட்டும் சத்தமே இல்லை.

அந்த அளவுகோலைக் கவனிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அது ஆடினால் விண்டோஸ் தன் பங்கைச் செய்துவிட்டது, சரியான கருவிக்குத்தான் ஒலியை அனுப்புகிறது. கோடெக்கும் சரியானது என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அதற்கு மேலும் டிரைவரை மாற்றிக்கொண்டிருப்பது வீண், தடை கோடெக்குக்கும் துளைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

மறுபடியும் தகட்டைத் திறந்தேன். அந்தக் கால மதர்போர்டுகளில் கணினியின் முன்புறத் துளைகளுக்கான வயரை மாட்ட ஒன்பதோ பத்தோ ஊசிகள் இரு வரிசையாக நிற்கும். ஏசி'97 அமைப்பில் ஒலி முதலில் இந்த ஊசிகள் வழியாக முன்பக்கம் போய், அங்கே ஹெட்போன் இல்லையென்றால் திரும்பி வந்துதான் பின்புறப் பச்சைத் துளையை அடைகிறது. முன்புற வயர் மாட்டாத கணினியில் அந்தப் பாதை அறுபடாமல் இருக்க 5-6, 9-10 ஆகிய ஊசி ஜோடிகளில் இரண்டு குட்டித் தொப்பிகள் செருகியிருக்க வேண்டும். ஜம்பர் என்பார்கள், அரிசி மணியை விடச் சற்றுப் பெரியவை. ஆசிரியையின் கணினியில் அந்த ஊசிகள் மொட்டையாக நின்றன. கடையில் தூசி தட்டும்போது கழன்றிருக்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றிலிருந்து இரண்டு ஜம்பர்களை எடுத்து, இடுக்கியால் பிடித்துச் செருகினேன்.

எச்டி ஆடியோ கணினிகளில் இதே இடத்தில் வேறு விதமாகக் கோளாறு வரும். அங்கே முன்புறத் துளையில் ஏதும் செருகியிருக்கிறதா என்பதைக் கோடெக்கே உணர்ந்து சொல்லும். ஏசி'97 காலத்துப் பெட்டியில் எச்டி ஆடியோ மதர்போர்டைப் பொருத்தியிருந்தால் இந்த உணர்வு தவறிவிடும். முன்புறத்தில் எப்போதும் ஹெட்போன் இருப்பதாக நினைத்துக்கொண்டு பின்புறத்தை அடைத்துவிடும், அல்லது முன்புறம் வேலையே செய்யாது. ரியல்டெக் மென்பொருளில் 'டிஸேபிள் ஃப்ரன்ட் பேனல் ஜாக் டிடெக்ஷன்' என்ற கட்டத்தில் டிக் செய்தாலோ, பயாஸில் முன்புற ஒலி வகையை ஏசி'97 என்று மாற்றினாலோ தீரும்.

ஒலி வருகிறது, ஆனால் அறுந்து அறுந்து வருகிறது என்பது வேறு வகை. எக்ஸ்பி உள்ள பழைய கணினியில் இதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஹார்டு டிஸ்க்கை. தட்டையான ஐடிஇ கேபிள் உள்ள கணினிகளில், வட்டைப் படிக்கும்போது ஆறு பிழைகள் சேர்ந்துவிட்டால் எக்ஸ்பி டிஎம்ஏ என்ற வேகமான முறையைக் கைவிட்டு பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறங்கிவிடும். அந்த முறையில் பிராசசரே ஒவ்வொரு துண்டாக அள்ள வேண்டும். ஒலிக்கு எண்களை நேரத்துக்கு அனுப்ப அதற்கு நேரமிருக்காது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் பழைய வேகம் திரும்பும். திரும்பத் திரும்ப இறங்கினால் கேபிளையோ வட்டையோ மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

சிப் உயிரோடு இருக்கிறதா என்றே ஐயம் வந்தால், வட்டில் நிறுவாமலேயே இயங்கும் லினக்ஸ் ஒன்றைக் குறுவட்டிலோ பென் டிரைவிலோ போட்டுத் தொடங்கிப் பாருங்கள். பழைய ஒலிச் சிப்புகளின் டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுடனேயே வருகின்றன. 32 பிட் கணினிக்கு 32 பிட் பதிப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். அங்கே ஒலி வந்தால் வன்பொருள் நலம், குறை விண்டோஸ் பக்கம். அங்கேயும் வரவில்லையென்றால், ஒலிக் கலவைப் பெட்டியில் 'மியூட்' விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். சிப்பே போயிருந்தாலும் கணினியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நான் எடுத்துப் போன மாதிரி யுஎஸ்பி ஒலிக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைப் பின்புறத்தில் நிரந்தரமாகச் செருகிவிட்டு, பழுதான சிப்பைப் பயாஸில் முடக்கிவிடலாம். ஒலியை நம்பிக் கணினியை இயக்குகிறவர்கள் எல்லோரும் இப்படி ஒன்றை மேசை இழுப்பறையில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

ஜம்பர்களைச் செருகி, தகட்டை மூடி, கணினியை இயக்கியபோது மாலை ஐந்தரை மணி. ஸ்பீக்கரில் முதலில் விண்டோஸின் தொடக்க இசை, அடுத்து என்விடிஏயின் குரல். ஆசிரியை யுஎஸ்பி கருவியைத் தானே உருவி என் கையில் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து பிரெயில் சட்டத்தையும் எழுத்தாணியையும் எடுத்து வந்து, "அந்த எண்களை மறுபடி ஒரு முறை மெதுவாகச் சொல்லுங்கள் தம்பி" என்றார். 8086, 24டி5, நண்டு, ஏஎல்சி655. ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி, தாளைத் திருப்பி விரலால் தடவிச் சரிபார்த்துவிட்டு, ஒட்டுநாடா போட்டு அந்தக் கணினியின் பக்கத் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டார்.